கலிங்கு ஏறும் மீனுக்கு வழி விடுங்கள்

கேள்வி:

விராலிமலைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுக்கு. அப்பா கண்மாயில் மீன் பிடித்துத்தான் எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தார். இப்போது தம்பி அந்தத் தொழிலைப் பார்க்கிறான். வருஷா வருஷம் மீன்பாசி ஏலம் எடுக்கிறான். என் மகன் கனடாவில் வேலை பார்க்கிறான். போன புரட்டாசியில் அங்கே ஓர் ஆற்றில் சால்மன் மீன்கள் வெள்ளத்தை எதிர்த்து ஏறுவதை வீடியோ எடுத்து அனுப்பினான். பார்த்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்து கலிங்கு பாயும் சமயம் கெண்டையும் கெளுத்தியும் இப்படித்தான் துள்ளித் துள்ளி ஏறும். 'ஏத்துமீன்' என்போம். அப்பா அதைப் பிடிக்கப் பறி வைப்பார். ஆனால் முதல் இரண்டு நாள் வைக்க மாட்டார், மூன்றாம் நாள்தான் வைப்பார். இப்போது கலிங்கு பாய்ந்தாலும் மீன் ஏறுவதைப் பார்க்க முடியவில்லை. அயிரையைக் கண்டு பத்து வருஷம் இருக்கும். வலையில் முக்கால்வாசி ஜிலேபிதான். குஞ்சு வாங்கி விட்டால்தான் ஏலப் பணமாவது திரும்பும் என்கிறான் தம்பி. சால்மனைக் காப்பாற்ற வெளிநாட்டில் அணையையே இடிக்கிறார்களாம். நம் ஊர் மீனுக்கு என்ன செய்வது? தம்பியின் பிழைப்பும் கெடக்கூடாது.

— வாசகி, விராலிமலை வட்டம்

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் 'மூன்றாம் நாள்தான் வைப்பார்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். உங்கள் கேள்விக்கான பதிலில் பெரும்பங்கு அந்த வரியிலேயே இருக்கிறது. உங்கள் அப்பா என்ன காரணம் சொல்லிக் காத்திருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. சாமிக்கு விட்டது என்று சொல்லியிருக்கலாம், தாய்மீன் போகட்டும் என்று சொல்லியிருக்கலாம். எதுவானாலும், காட்டு சால்மன் ஏராளமாக ஏறும் அலாஸ்காவில் இன்றைக்கு அரசாங்கமே செய்வது அதைத்தான்.

சால்மன் ஆற்றின் கூழாங்கல் படுகையில் பிறக்கிறது. குஞ்சாகக் கடலுக்குப் போய், சில ஆண்டுகள் அங்கே வளர்ந்து, பிறந்த ஆற்று நீரின் வாசனையைப் பிடித்துக்கொண்டு அதே ஆற்றுக்குத் திரும்புகிறது. பசிபிக் கடல் சால்மன் இனங்கள் முட்டையிட்டதும் செத்துப்போகும். ஒரு வாழ்நாளில் ஒரே தடவை ஏறும் மீனை வழியிலேயே மறித்துப் பிடித்துவிட்டால், அந்த ஆற்றுக்கு அடுத்த தலைமுறை இல்லை. அலாஸ்காவின் பிரிஸ்டல் வளைகுடா ஆறுகளில் கரையோரம் கோபுரம் கட்டி, ஆள் உட்கார்ந்து, ஏறும் மீனை எண்ணுகிறார்கள். இத்தனை மீன் மேலே போயாக வேண்டும் என்று ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு தேறும் அளவுக்கு மீன் ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் கீழே வலை போட நேரம் ஒதுக்குவார்கள். 1959-இல் அலாஸ்கா தனி மாநிலமானபோது, சால்மன் வரும் வழியை மறித்துக் கட்டியிருந்த பெரிய பொறிகளுக்கும் தடை வந்தது. 2022-இல் அந்த ஒரு வளைகுடாவுக்கு மட்டும் ஏறத்தாழ 7 கோடியே 90 லட்சம் சால்மன் திரும்பி வந்தது. கோபுரமும் கணக்கும் இல்லாமல் உங்கள் அப்பா இரண்டு நாளை விட்டுக்கொடுத்தார். முட்டை நிறைந்த மீன் முதல் வெள்ளத்தில்தான் முண்டியடித்து ஏறும். அதைப் போகவிட்டு, பின்னால் வருவதில் தன் பங்கை எடுத்துக்கொண்டார்.

சால்மன் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் ஊர் மீன்கடைகளில் 'இந்தியன் சால்மன்' என்று விற்பது காலா மீன். நல்ல மீன்தான், ஆனால் சால்மன் குடும்பம் அல்ல. பெரிய நகரத்து அங்காடிகளில் கிடைக்கும் அட்லாண்டிக் சால்மனும் அனேகமாகக் கடலில் கூண்டு கட்டி வளர்த்தது. உங்கள் மகன் பார்த்தது காட்டு மீன். அவருக்கு அது பெரிய கொடுப்பினை.

சால்மனைப் போலவே கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறும் மீன் ஒன்று தமிழ்நாட்டிலும் இருந்தது. உள்ளம் மீன் என்போம். வங்காளிகள் உயிரை விடும் இலிஷும், கோதாவரிக் கரையில் ஆயிரக்கணக்கில் விலை போகும் புலசாவும் இதே மீன்தான். காவிரியிலும் கொள்ளிடத்திலும் புதுவெள்ளம் வரும்போது அது கூட்டம் கூட்டமாக ஏறியது. 1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும் கட்டினார். முக்கொம்பும் அணைக்கரையும் அவைதாம். தஞ்சைக்குச் சோறு போட்ட வேலை அது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் இந்த அணைகள் ஏறுமீனை மறித்துக் கடலோர மீன்வளத்தைக் கெடுக்கின்றனவோ என்ற கவலையை 1867-இல் லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் அமைச்சரிடம் எழுப்பியவரும் அதே காட்டன்தான். அணை கட்டியவரே அந்தக் கேள்வியைக் கேட்டார் என்பதை நம் பொறியாளர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அதை ஆராய்வதற்காக நியமிக்கப்பட்ட பிரான்சிஸ் டே என்ற மருத்துவர்தான் பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை எழுதினார். 1909-இல் கீழணையில் உள்ளம் மீனின் முட்டையை எடுத்துச் செயற்கையாகக் கருவுறச் செய்து குஞ்சு பொரிக்கவும் வைத்தார்கள். 1934-இல் மேட்டூர் அணை வந்தது. வெள்ளத்தின் வேகமும் காலமும் மாறின. வெள்ளத்தை நம்பி ஏறிய மீன் காவிரியைக் கைவிட்டது.

கங்கையிலும் இதே கதை. 1975-இல் பராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியபின் அலகாபாத் வரை ஏறிய இலிஷ் அருகிப்போனது. வங்கதேசம் வேறு வழி எடுத்தது. ஐப்பசியை ஒட்டி மீன் முட்டையிடும் 22 நாளுக்கு நாடு முழுவதும் தடை, குஞ்சு மீன் பிடிக்க எட்டு மாதத் தடை. அந்த நாட்களில் மீனவர் வீட்டுக்கு அரசாங்கம் அரிசி கொடுத்தது. குஞ்சு மீன் காலத்தில் மாதம் 40 கிலோ. 2002-03 வாக்கில் சுமார் 2 லட்சம் டன்னாக இறங்கியிருந்த இலிஷ் பிடிப்பு, 2018-19-இல் 5 லட்சம் டன்னைத் தாண்டியது. கொடுத்த அரிசி போதவில்லை, எல்லோருக்கும் வந்து சேரவில்லை என்ற முறையீடு அங்கே உண்டு, அது நியாயமானதும்கூட. ஆனாலும் மீனைக் காப்பதும் மீனவர் வீட்டு அடுப்பு எரிவதும் ஒரே வேலை என்று ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டதே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இனி உங்கள் கண்மாய்க்கு வருவோம்.

விராலிமலைப் பக்கம் விழும் மழையில் ஒரு பங்கு கோரையாற்றில் சேர்ந்து, திருச்சிக்குப் போய், குடமுருட்டி வழியாகக் காவிரியில் கலக்கிறது. உங்கள் ஊர் ஓடை காவிரியின் ஒரு விரல் நுனி. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள். ஒன்றின் கலிங்கு நீர் அடுத்ததற்கு வரத்து. நம் கண்மாய் மீன் கடலுக்குப் போவதில்லை. ஆனால் சால்மன் ஆயிரம் மைலில் செய்வதை அது அரை மைலில் செய்கிறது. கோடையெல்லாம் ஆழத்தில் கிடந்த கெண்டைக்குப் புது மழைத் தண்ணீரின் வாசனை எட்டியதும் வரத்துப் பக்கம் முகம் திருப்பும். நீரோட்டத்தை எதிர்த்து வரத்துவாரியில் ஏறும். கீழ்க்கண்மாய் மீன் மேல்கண்மாய்க் கலிங்கைத் தாண்டப் பார்க்கும். புல் முங்கிக் கிடக்கும் தரையிலும், வயலிலும், முழங்கால் ஆழ வெதுவெதுப்பான நீரிலும் முட்டையைச் சிதறிவிட்டுத் திரும்பும். பெரும்பாலான கெண்டை முட்டை ஒரு நாளைக்குள் பொரித்துவிடும். தண்ணீர் வடியும்போது குஞ்சுகள் அதோடு இறங்கிக் கண்மாய்க்கு வந்து சேரும். இரண்டு நாள் பொறுத்தால் என்ன நடக்கும் என்பது இப்போது உங்களுக்கே புரியும்.

பல வருஷத்துக்கு முன் இலுப்பூர்ப் பக்கம் ஒரு கலிங்கில் இராத்திரி முழுக்க நின்றேன். டார்ச் வெளிச்சத்தில் கல்லெல்லாம் ஈரம். அயிரைகள் தண்ணீர் விழும் இடத்துக்கு வராமல், ஓரத்தில் கசிவு ஓடும் கல்லில் வயிற்றை ஒட்டிக்கொண்டு விரற்கடை விரற்கடையாக நகர்ந்தன. நெளிந்து நெளிந்து ஏறும், நிற்கும், மறுபடி ஏறும். குறவை ஒன்று தண்ணீரையே விட்டு, பக்கத்துப் புல்லில் விழுந்து புரண்டு போயிற்று. கெண்டை துள்ளியது, கல்லில் மோதி விழுந்தது, திரும்பத் துள்ளியது. ஒன்றைக் கையில் எடுத்தேன். வயிற்றை அழுத்தவே இல்லை, முட்டை தானாகவே விரல் இடுக்கில் கசிந்தது. அதை மேல்பக்கம் தண்ணீரில் விட்டேன். அன்றைக்கு அங்கே பறி வைத்திருந்த பெரியவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கலிங்கு கல்லால் கட்டியது. கல்லுக்குக் கல் இடுக்கு இருந்தது, படிப்படியாக இறங்கியது. இப்போது புதுப்பிக்கும் கலிங்குகளில் பல, மேலிருந்து நேராக விழும் வழவழப்பான சிமென்ட் சுவர். மழை நீர் பாய்வதற்கு அது போதும். இடுப்புயரச் சுவரை விரல் நீளக் கெண்டை எப்படித் தாண்டும்? சாலைக்கு அடியில் வைக்கும் சிமென்ட் குழாயும் இப்படித்தான். கீழ்ப்பக்கம் மண் அரித்து, குழாய் வாய் அந்தரத்தில் தொங்கும். வரத்துவாரியைச் சிலர் வயலோடு சேர்த்து உழுதுவிட்டார்கள். நீங்கள் முதலில் ஒரு நாள் தம்பியோடு வாரியின் தலை முதல் கலிங்கு வரை நடந்து பாருங்கள். மீன் எங்கே நிற்கும், எங்கே திரும்பும் என்று தம்பியே சொல்லிவிடுவார்.

சரிசெய்ய லட்சக்கணக்கில் செலவில்லை. கலிங்குச் சுவரின் கீழே ஓர் ஓரமாக மட்டும் பெரிய கல்லும் சிறிய கல்லும் கலந்து, சாய்வாக, கரடுமுரடாக அடுக்க வேண்டும். ஒரு முழம் ஏற ஏழெட்டு முழம் நீளம் சாய்வு இருந்தால் நல்லது. கல் இடுக்கில் தண்ணீர் தங்கித் தங்கி ஓடும், மீன் இளைப்பாறி ஏறும். கலிங்கின் மட்டத்தில் கை வைக்காதீர்கள், அது ஆயக்கட்டுக்காரர்களோடு சண்டையில் முடியும். கண்மாய் ஒன்றியத்தினுடையதா, நீர்வளத் துறையினுடையதா என்று கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிச் செய்யுங்கள். கனடாவின் பிரேசர் ஆற்றில் 1914-இல் ரயில் பாதை போடும்போது பாறை சரிந்து ஒரு குறுகலான இடம் அடைபட்டது. லட்சக்கணக்கான சால்மன் அதன் கீழேயே முட்டி மோதிச் செத்தது. அங்கே மீன்வழி கட்டி முடிக்க முப்பது வருஷம் ஆயிற்று. கட்டிய பிறகு மீன் மறுபடி ஏறியது. நீங்கள் சொன்ன அணை இடிப்பும் உண்மைதான். கலிபோர்னியா, ஓரிகன் எல்லையில் கிளமத் ஆற்றில் நான்கு அணைகளை 2024-இல் அகற்றி முடித்தார்கள். யூரோக், காரூக் என்ற பூர்வகுடி மீனவ மக்கள் இருபது வருஷத்துக்கு மேல் போராடிப் பெற்றது அது. வேலை முடிந்த சில வாரத்திலேயே, நூறு வருஷமாக மீன் பார்க்காத மேலாற்றில் சால்மன் தென்பட்டது. வழியைத் திறந்துவிட்டால் மீன் காத்திருக்காது, அம்மா.

விரால் விஷயம் வேறு. அது காற்றை மூச்சிழுக்கும் மீன், கோடையில் சேற்றுக்குள்ளும் உயிர் தாங்கும். ஏறித்தான் பெருக வேண்டும் என்பதில்லை. பாசியை விலக்கிக் கூடு போல் செய்து முட்டையிட்டு, தாயும் தகப்பனும் காவல் நிற்கும். பொரித்த குஞ்சுகள் செம்பழுப்பாக, கொத்தாக, தண்ணீர் மேலே கொதிப்பது போல் மிதந்து திரியும். அடியில் பெரிய விரால் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் கொத்தைப் பார்த்துத் தூண்டில் போட்டால் விரால் சிக்காமல் போகாது, ஏனென்றால் அது குஞ்சை விட்டு ஓடாது. இப்படிப் பிடிப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு மீன் குழம்புக்கு வரும், ஆயிரம் குஞ்சு அன்று சாயங்காலத்துக்குள் மற்ற மீனுக்கு இரையாகும். குஞ்சுக் கொத்து தெரிந்தால் அந்தப் பக்கம் யாரும் தூண்டில் போடக்கூடாது என்று உங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு வந்தால், இரண்டே வருஷத்தில் வித்தியாசம் தெரியும்.

தம்பியின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 1957 ஜூலை 10 அன்று மீன் விஞ்ஞானி ஹிராலால் சௌத்ரி ஊசி மருந்து கொடுத்து மீனை முட்டையிட வைத்த பிறகுதான் கண்மாய்க்கெல்லாம் பண்ணைக் குஞ்சு வந்தது. எத்தனையோ ஏழைக் குடும்பம் அதனால் பிழைத்தது. அந்த மூன்றும் தேங்கிய நீரில் தானாகப் பெருகாது. விட்டதைப் பிடித்துவிட்டால் முடிந்தது. ஆகவே நாட்டு மீனுக்கு அவை நிரந்தரப் பகையும் அல்ல. என் கோபம், குஞ்சு விடுவதற்கு முன் கண்மாயைச் 'சுத்தம்' செய்கிறோம் என்று இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்து இருக்கிற மீனையெல்லாம் கொல்லும் பழக்கத்தின் மேல். மீன் வளர்ப்புக் கையேடுகளே அயிரையையும் கெண்டைப்பொடியையும் 'களை மீன்' என்று எழுதின. நம் பாட்டிமார் பிள்ளை பெற்றவளுக்குக் குழம்பு வைத்துக் கொடுத்த மீனுக்கு இட்ட பெயர் அது. சிறு குட்டையில் பண்ணை நடத்துகிறவர் அப்படிச் செய்வதற்கு ஒரு கணக்கு இருக்கலாம். ஊர்ப் பொதுக் கண்மாயில் அதைச் செய்யவே கூடாது. தம்பியிடம் இன்றைய விலையையும் கேட்டுப் பாருங்கள். அயிரை கிலோ என்ன விலை, கட்லா என்ன விலை? பல மடங்கு வித்தியாசம் இருக்கும். விராலும் அப்படியே. குஞ்சுக்கும் தீவனத்துக்கும் காசு கேட்காத மீன் அது.

ஜிலேபிக் கெண்டை 1952-இல் நாட்டுக்குள் வந்தது. முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும், சில மாதத்திலேயே முதிர்ந்து, வருஷத்தில் பல தடவை பெருகும். 1959-லேயே இனி இதைப் பரப்ப வேண்டாம் என்று மீன்வள ஆராய்ச்சிக் குழு சொல்லியும் பயனில்லை. இனி அதை முழுக்க ஒழிப்பது நடக்காது. பிடிக்கப் பிடிக்கத் தின்று தீர்ப்பதுதான் வழி, அதற்குக் காலத்தடையும் வேண்டாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி அப்படியல்ல. அதை வளர்க்க 2000-ஆவது ஆண்டிலிருந்தே தடை இருக்கிறது. கரை உடைந்து ஒரு குட்டையிலிருந்து கண்மாய்க்குள் வந்தால் அயிரை, குறவை, தவளை என்று அகப்பட்டதையெல்லாம் விழுங்கும். யாராவது மலிவாகக் குஞ்சு கொடுத்தாலும் வாங்க வேண்டாம் என்று தம்பியிடம் அழுத்திச் சொல்லுங்கள். கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் 'டேங்க் கிளீனர்' மீனையும் கண்மாயில் விடக்கூடாது. புண்ணியம் என்று நினைத்து விடுகிறார்கள்.

அடுத்து, எல்லாவற்றுக்கும் மூலமான ஏலம். ஒரு வருஷக் குத்தகை என்றால், பணம் கட்டியவர் குத்தகை முடிவதற்குள் கடைசி மீன் வரை வழித்தெடுக்கத்தான் பார்ப்பார். அடுத்த வருஷம் கண்மாய் யார் கைக்குப் போகுமோ! அவர் ஏன் மூன்றாம் நாள் வரை காத்திருக்க வேண்டும்? மோட்டார் வைத்துக் குட்டத்தை இறைப்பதும், கொசுவலை போட்டு இழுப்பதும், இன்னும் கெட்டுப்போய்க் குருணை மருந்து போடுவதும், பேட்டரி வைத்து மின்சாரம் பாய்ச்சுவதும் இந்த அவசரத்தில் வருபவை. மருந்தும் வெடியும் 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். அதைச் செய்பவரைப் போலீஸில் சொல்லத் தயங்க வேண்டாம். ஆனால் ஏலத்தைத் திருத்தாமல் ஆளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. குத்தகையை மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ ஆக்க வேண்டும். உள்ளூரில் தலைமுறையாக வலை எடுத்த குடும்பங்களுக்கும் உள்நாட்டு மீனவர் சங்கத்துக்கும் முன்னுரிமை வேண்டும். அதற்கு ஈடாக அவர்கள் மூன்று நிபந்தனைக்குக் கட்டுப்பட வேண்டும்: கலிங்கு பாயும் முதல் மூன்று நாள் வாரியிலும் கலிங்கிலும் பறியோ வலையோ வைப்பதில்லை, கொசுவலை இல்லை, கோடையில் ஒரு குட்டத்தை இறைக்காமல் விடுவது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1974-இல் நீதிபதி போல்ட், பூர்வகுடி மக்களுக்கு சால்மன் பிடிப்பில் பாதிப் பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். அதன்பின் அந்த மக்களே மாநிலத்தோடு சமமாக உட்கார்ந்து ஆற்றைக் காக்கிறார்கள். உரிமை நிலைத்த இடத்தில் பொறுப்பு தானாக வரும். உங்கள் அப்பாவுக்கு அந்தக் கண்மாய் நாளைக்கும் தன் கையில் இருக்கும் என்ற நம்பிக்கை இருந்தது, அதனால் அவரால் காத்திருக்க முடிந்தது.

அந்தக் குட்டம் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 2017 முதல் குடிமராமத்து என்று பல கண்மாய்களில் தூர் வாரினார்கள். நல்ல காரியம். ஆனால் பொக்லைன் வைத்துத் தரையைத் தட்டையாகச் சீவிவிட்டால் கோடையில் மீன் ஒதுங்க ஓர் ஆழம் இருக்காது. அடுத்த முறை தூர் வாரும்போது, மடையிலிருந்து தள்ளி, ஓர் ஓரத்தில் ஓர் ஆள் ஆழத்துக்குப் பள்ளம் விடச் சொல்லுங்கள். அதில் நாலு கருவேல மரக் கிளையைப் போட்டு வைத்தால் வலை இழுக்க முடியாது. விதைநெல் போலத் தாய்மீன் அங்கே தங்கும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பலர் என்னிடம் கேட்பதால் சொல்கிறேன். மீன்பிடித் திருவிழாவை நிறுத்த வேண்டுமா? வேண்டாம். தண்ணீர் வற்றும் காலத்தில், ஊர்ப் பெரியவர் கரையில் நின்று துண்டு வீசியதும், பக்கத்து ஊரெல்லாம் ஊத்தாக் கூடையோடு இறங்குவது இந்த மண்ணின் வழக்கம். ஊத்தா ஒரு தடவை குத்தினால் ஒரு மீன், சில சமயம் அதுவும் இல்லை. அன்றைக்கு யாரும் விற்பதில்லை, சாதி பார்ப்பதில்லை, எல்லா வீட்டிலும் மீன் குழம்பு. வற்றிச் சாகப்போகும் மீனைத்தான் பெரும்பாலும் பிடிக்கிறார்கள். குட்டத்தை மட்டும் விட்டுவிட்டு, கொசுவலையை மட்டும் கரையிலேயே வாங்கி வைத்துக்கொண்டால் திருவிழாவால் கண்மாய்க்குக் கெடுதல் இல்லை. மலையாளத்தில் 'ஊத்த' என்றால் கூடை அல்ல, முதல் மழையில் மீன் ஏறுவது. கேரளத்தில் அந்த நாட்களில் ஏறுமீனைப் பிடிப்பது சட்டப்படி குற்றம், அபராதமும் சிறையும் உண்டு. தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு தெளிவான விதி வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

உங்கள் மாவட்டத்திலேயே கோட்டைப்பட்டினத்துக்கும் ஜெகதாப்பட்டினத்துக்கும் போய்ப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் நிற்கும். அந்தக் காலத்துக்கு மீனவர் குடும்பத்துக்கு நிவாரணம் தருகிறார்கள், அதை 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023-இல் அரசு அறிவித்தது. அது போதுமா என்பது தனிக் கேள்வி. கடலுக்கு 61 நாள் ஒத்துக்கொண்ட நாம், கண்மாய்க்கு மூன்று நாள் ஒத்துக்கொள்ளக் கூடாதா? அந்த மூன்று நாளுக்குத் தம்பி போன்றவர்களுக்கு ஏலத் தொகையில் ஒரு தள்ளுபடி கொடுத்தாலே போதும். இதைக் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவரலாம். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் சபை, ஏலத்துக்கும் கோடைப் பிடிப்புக்கும் முன்னால் வருவதால் அதுவே பொருத்தம். தம்பியைப் பேசவிடுங்கள், ஏலம் எடுப்பவரே நிபந்தனை கேட்டால் மறுப்பு எழாது.

இன்னொன்றும் உங்கள் பக்கத்திலேயே நடக்கிறது. காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரி 21 அன்று அடிக்கல் நாட்டியது உங்கள் விராலிமலை வட்டத்துக் குன்னத்தூரில்தான். மாயனூரிலிருந்து தொடங்கும் அந்தக் கால்வாயின் நீளம் 262 கிலோமீட்டர். காவிரித் தண்ணீர் வருவது உங்கள் மக்களின் தலைமுறைக் கனவு, வரட்டும். ஆனால் கால்வாய் உங்கள் வாரிகளைக் குறுக்கே வெட்டும் இடங்களில் அடிப்பாலம் மீன் ஏறும்படி இருக்கிறதா, அடிமட்டம் ஓடைத் தரையோடு ஒட்டி இருக்கிறதா என்று இப்போதே கேட்க வேண்டும். சிமென்ட் இறுகிய பிறகு கேட்டால் யாரும் உடைக்க மாட்டார்கள். புதுத் தண்ணீரோடு புது மீனும் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நேரம் கிடைத்தால் தம்பியை ஒரு நாள் சித்தன்னவாசலுக்கு அழைத்துப் போங்கள். விராலிமலையிலிருந்து அதிக தூரமில்லை. அங்கே உள்ள அறிவர் கோயில் விதானத்தில் தாமரைக் குளம் தீட்டியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகத் தாமரைத் தண்டுகளுக்கு நடுவில் மீன்கள் நீந்திக்கொண்டிருக்கின்றன. வரைந்தவர் இந்தப் பக்கத்துக் குளத்தை உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பது அந்த மீன்களைப் பார்த்தாலே தெரியும்.

கடைசியாக உங்களிடம் ஓர் உதவி. வருகிற ஐப்பசியில் கலிங்கு பாய ஆரம்பித்த முதல் இரவு, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். எந்த மீன் வந்தது, எத்தனை, எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது, எத்தனை மணி என்று எழுதுங்கள். மீன் பெயரை உங்கள் ஊரில் சொல்கிறபடியே எழுதினால் போதும். மூன்று இரவு எழுதி எனக்கு அனுப்புங்கள். கல் சாய்வை எந்தப் பக்கம் அடுக்க வேண்டும் என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தனியாகப் போகாதீர்கள். கலிங்குக் கல்லில் பாசி வழுக்கும், தம்பியின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.